பத்து எண்ணுவதற்குள்

ஜனவரி மழையில் மலைமேல் சைக்கிள் ஓட்ட என்ன உடுத்துவது என்று இஷ்பெலிடம் இப்போது கேட்டுப் பாருங்கள், அரை நாள் பேசுவாள். போன வருடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பாள்: "இருக்கறதுலயே தடியானதை எடுத்து மாட்டு." அந்த ஒரு வரிதான் அவளைக் கவிழ்த்தது.

ட்வீட் ஆற்றுக்கு மேலே உள்ள காட்டு மலையில் வருடாவருடம் நடக்கும் பந்தயம் அது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை மூன்றரைக்கு முடியும். அதற்குள் ஐந்து சுற்று முடித்தவர்களின் பெயரை ஊர்க்கூடத்துப் பலகையில் எழுதுவார்கள். வேறு பரிசு ஒன்றும் கிடையாது, ஒரு கிண்ணம் பருப்பு சூப்பைத் தவிர. அதற்குத்தான் இத்தனை அடிபிடி.

பந்தயத்தில் ஒரு விதி உண்டு. சுற்றுக்கு ஒரு தடவை உச்சியில் உள்ள காவல் முனையில் நின்று, தலைக்கவசத்தின் தாடைக் கொக்கியைக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். காவலர் பத்து எண்ணுவதற்குள் மாட்டியாக வேண்டும். யாரும் உதவக் கூடாது. முடியாவிட்டால் எண் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவார்கள். கொக்கி மாட்ட முடியாத விரல் பிரேக் பிடிக்காது, உச்சிக்கு அந்தப் பக்கம் இருப்பதோ வெறும் பாறை இறக்கம். விதி நியாயமானதுதான். தன் தலையில் விடியாதவரைக்கும் எல்லா விதியும் நியாயமானதாகத்தான் தெரியும்.

போன வருடம் நான்காவது சுற்றில் இஷ்பெலின் அட்டை பிடுங்கப்பட்டது. பிடுங்கியவன் டூகல். அவளைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் குப்பை கொட்டிய அவள் புருஷன். பத்து வருடமாக அந்தக் காவல் முனையில் நிற்பவன் அவன்தான்.

"படபடன்னு எண்ணிட்டான்," என்று அன்றைக்கு ஆரம்பித்தாள் இஷ்பெல். "மழை பெய்யுது, சீக்கிரம் வீட்டுக்குப் போகணும், அதான் கட்டின பொண்டாட்டின்னுகூடப் பார்க்காம ஒண்ணு ரெண்டு மூணுன்னு அடிச்சு விட்டுட்டான்." தபால்காரனிடம் சொன்னாள். தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஏறும் பிள்ளைகளின் தாய்மார்களிடம் சொன்னாள். வீட்டில் சூப்பில் உப்பு கூடினால், "உப்பையும் அவசர அவசரமாத்தான் எண்ணிப் போட்டியோ?" என்பாள். டூகல் வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவன்போல் உட்கார்ந்திருப்பான். காட்டில் மரம் வெட்டும் ஆள், ஆறடி இரண்டு அங்குலம். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அந்த மௌனம் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு பண்ணாதவன் ஏன் பேசாமல் இருக்கிறான்?

இந்த வருடம் ஐந்து சுற்று முடித்தே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஐம்பத்திரண்டு வயது. முழங்காலில் ஒரு வலி. "போதும்டீ, கோடையில ஓட்டிக்கோ," என்றாள் தோழி செங்கா. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள், குளிர்காலத்தில் ஏரியில் நீந்துகிற கிறுக்கு, அவள் புத்தி சொல்கிறாள்! இஷ்பெல் கேட்கவில்லை. கால் தன்னைக் கைவிடவில்லை, நெஞ்சு கைவிடவில்லை, துணிதான் கைவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. போன வருடம் கடையிலேயே விலை கூடிய பஞ்சடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனாள். புறப்படும் இடத்தில் மற்றவர்கள் வெடவெடத்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் அடுப்படியில் நிற்பதுபோல் நின்று அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். ஏற்றத்தில் வியர்த்துக் கொட்டியது. உச்சிக் காற்றில் அந்த வியர்வை அத்தனையும் ஐஸாகிவிட்டது. அவளை நனைத்தது மழை அல்ல, அவளே.

ஆகவே செப்டம்பரிலிருந்து மழை பெய்த ஒவ்வொரு நாளும் காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு மலையேறினாள். வெயிலடித்த நாளில் வீட்டிலேயே இருந்தாள், வெயிலில் ஓட்டி என்ன தெரியப்போகிறது? திரும்பி வந்ததும் ஈரத்தோடு அடுக்களையில் நின்று, சுவர்க்கடிகார முள்ளைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே கொக்கியை மாட்டிப் பார்ப்பாள். என்ன உடுத்தினாள், எத்தனையில் மாட்டினாள் என்று ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் எழுதுவாள்.

முதலில் பருத்தி போயிற்று. பருத்தி நனைந்தால் காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். மெல்லிய கம்பளி உள்சட்டை ஒன்று, அதன்மேல் மழைச்சட்டை, அவ்வளவுதான். நடுவில் ஒன்றும் வேண்டாம். "புறப்படறப்ப குளிரணும். குளிரலைன்னா ஒரு துணி அதிகம்னு அர்த்தம்," என்று செங்காவிடம் சொன்னாள், ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல். மழைச்சட்டைக்கு அக்குளில் ஜிப் இருக்க வேண்டும். ஏற்றத்தில் திறந்துவிடலாம், உச்சிக்கு நூறு அடி முன்னால் மூடிவிடலாம். காலணி ஒரு அளவு பெரிது. இறுக்கிப் பிடித்தால் ரத்தம் ஓடாது, ரத்தம் ஓடாத விரலுக்கு எத்தனை காலுறை போட்டாலும் வீண்.

மழைச்சட்டையைச் சோதிக்க நவம்பரில் ஒரு நாள் கொல்லையில் நின்றுகொண்டு, தோட்டக் குழாயை டூகல் கையில் கொடுத்தாள்.

"அடி."

"எங்க?"

"எங்க வேணா. மழை கேட்டுட்டா பெய்யுது?"

டூகல் குழாயை நீட்டினான். அவன் முகத்தில் வெகு நாளாகக் காணாத ஒரு மலர்ச்சி. "இதுக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்," என்றான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

சட்டை துண்டு மாதிரி தண்ணீரைக் குடித்தது. இஷ்பெல் மூக்கருகே சட்டைக்கையைக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். லாவெண்டர் வாசனை.

"யோவ் டூகல், இதை எதுல துவைச்சே?"

"துணி மெத்துனு இருக்கறதுக்கு ஊத்துவமே, அது ஒரு மூடி. நல்லா இருக்கட்டுமேன்னுதான்."

"பாவி மனுஷா! அதை ஊத்தினா தண்ணி ஒட்டாத பூச்செல்லாம் போயிடும்னு இந்த ஊர்ல சைக்கிள் ஓட்டுற நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியுமே!" ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். பிறகு அதற்குரிய சோப்பில் இரண்டு தடவை அலசி, பூச்சு மருந்து போட்டு, உலர்த்தியில் சூடு காட்டி எடுத்தாள். மறுபடி குழாய். இந்த முறை தண்ணீர் உருண்டு உருண்டு ஓடியது. ஆனால் கால் நனைந்தது. தண்ணீர் புகாத காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்து விட்டிருந்தாள். காலில் வழிந்த தண்ணீரெல்லாம் உள்ளே இறங்கி, வெளியே போக வழியில்லாமல் வாளி மாதிரி நிரம்பிவிட்டது. தண்ணீர் புகாத பொருளுக்குத் தண்ணீரை வெளியே விடவும் தெரியாது. கால்சட்டையைக் காலுறைக்கு மேலே இழுத்துவிட்டதும் அந்தக் கதையும் முடிந்தது.

கைதான் கடைசிவரை அழ வைத்தது. கடையில் வாங்கிய தடித்த கையுறை போட்டால் பிரேக் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பாத்திரம் கழுவும் ரப்பர் உறையை உள்ளே போட்டுப் பார்த்தாள். விரல் வியர்வையில் ஊறி, பிறகு விறைத்துப்போனது. தாளில் பதினேழு, பத்தொன்பது என்று எண்கள் ஏறின. கடைசியில் செங்காவின் பழைய நீச்சல் உடை ஒன்று கிடைத்தது, தடித்த ரப்பர் நுரைத் துணியில் தைத்தது. அதை வெட்டிச் சைக்கிளின் இரண்டு கைப்பிடிக்கும் பை மாதிரி உறை தைத்தாள். உறைக்குள் கையை நுழைத்துக்கொண்டால் மெல்லிய கையுறையே போதும். அதோடு ஒரு ஜோடி காய்ந்த கையுறையை ரொட்டி வரும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, உள்சட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். ஆபத்துக்கு அது. டிசம்பர் முடிவில் தாளில் நான்கு, ஐந்து என்றே இருந்தது.

பந்தயத்தன்று காலையில் இரண்டு டிகிரி. மழையும் பனியும் கலந்து சாய்வாக அடித்தது. இஷ்பெல் புறப்படும் கோட்டில் பல் கிட்டிக்க நின்றாள்.

"நடுங்கறியே, ஏதாவது மேல போட்டுக்கோடீ!" என்று கம்பளிப் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தாள் செங்கா.

"கிட்ட வந்தே, கொன்னுடுவேன். பத்து நிமிஷம் பொறு, ஏத்தத்துல தானா சரியாயிடும்."

சரியாகத்தான் போயிற்று. முதல் சுற்றில் உச்சியில் டூகல் நான்கு எண்ணினான். இரண்டாவதில் ஐந்து. மூன்றாவதிலும் ஐந்து. அவன் தொப்பி விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை, "போ" என்று மட்டும் சொன்னான். நான்காவது சுற்றில் ஆறு. போன வருடம் அட்டை பறிபோன அதே இடத்தை விட்டு அவள் நகர்ந்தபோது, "பார்த்தியா?" என்று கத்தினாள். "பார்த்தேன், முன்னாடி பார்த்து ஓட்டு," என்றான் அவன்.

அவள் முன்னால் பார்த்துத்தான் ஓட்டினாள். ஆனாலும் இறக்கத்தின் அடியில் ஓடையைக் கடக்கையில் முன்சக்கரம் ஒரு கல்லில் வழுக்கி, இடது பக்கமாக அப்படியே தண்ணீரில் விழுந்தாள். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இடது கைப்பிடியின் உறை மட்டும் தையலோடு கிழிந்து தொங்கியது. கீழே வந்ததும் செங்கா அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"போதும் இஷ்பெல். நாலு சுத்து. போன வருஷத்தைவிட மேலதான்."

"பலகையில நாலுன்னு எழுதுவாங்களா? கையுறையை எடு."

செங்கா நீட்டிய வேறொரு காய்ந்த ஜோடியை மாட்டிக்கொண்டாள்; வயிற்றில் செருகியதைத் தொடவில்லை. இடது கையின்மேல் செங்கா ஒரு ரொட்டிப் பையை இழுத்துக் கட்டிவிட்டாள். ஏற்றத்தில் பாதி தூரம் தாங்கியது. பிறகு காற்று அதைக் கிழித்துக்கொண்டு போய்விட்டது. அதற்கப்புறம் பனிமழை நேராக விரலில் அடித்தது. முதலில் வலித்தது. வலிக்கும்வரை கவலையில்லை என்று ஓட்டினாள். பிறகு வலி நின்றுவிட்டது. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

உச்சிக்கு வந்தபோது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. மூன்று ஐந்துக்குமேல் காவல் முனையை யாரும் தாண்டக் கூடாது. மற்றவர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள், அல்லது விலகிவிட்டிருந்தார்கள். டூகல் மட்டும் நின்றான். நேரம் ஓடுகிறதே என்ற அவசரத்தில் இஷ்பெல் வயிற்றுக் கையுறையை மறந்து, "எண்ணு!" என்றாள்.

"ஒண்ணு," என்றான். கொக்கி கழன்றது. வலது கை கழற்றிவிட்டது. மாட்டத்தான் இரண்டு கையும் வேண்டும். இடது கையில் கட்டைகளாக நீட்டிக்கொண்டிருந்த விரல்களுக்கு நடுவில் வார் நழுவியது.

"ரெண்டு. மூணு." இருமினான். "நாலு..." எங்கோ காட்டைப் பார்த்தான். "அஞ்சு..." மூக்கைத் துடைத்தான். "ஆறு... ஏழு..."

வார் மறுபடி நழுவியது. மறுபடி பிடித்தாள்.

"எட்டு... ஒம்பது..."

கிளிக்.

"ஒம்பது! சரி, போ, போ!"

இஷ்பெல் பெடலை மிதித்தாள். இருபது அடி போனாள். நான்கு மாதம் கடிகார முள்ளோடு எண்ணிப் பழகிய மனசு, அவள் கேட்காமலே உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது. அது ஒன்பது அல்ல, பத்தொன்பது. முன்னால் பாறை இறக்கம் தெரிந்தது. பின் பிரேக் இடது கையில். அந்தக் கையால் பிரேக்கை அழுத்திப் பார்த்தாள். அழுத்தினாளா இல்லையா என்றே தெரியவில்லை. சைக்கிளைத் திருப்பினாள்.

"ஏன் வந்தே? மணியைப் பாரு!"

"திருப்பி எண்ணு. ஒழுங்கா."

"மாட்டிட்டியே, போயேன் பொம்பள!"

"தப்பா எண்ணினது செல்லாது. போன வருஷம் ஓட்டமா எண்ணி என்னைக் கீழே இறக்கினே. இந்த வருஷம் ஆமையா எண்ணி மேலே தள்றே. நான் என்ன உன் மரக்கட்டையா, உன் இஷ்டத்துக்கு ஏத்தி இறக்க? உனக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியுமா தெரியாதா?"

டூகலின் முகம் சிவந்தது. ஒரு வருடம் வாயை இறுக்கிக் கட்டியிருந்த கயிறு அங்கேயே அறுந்தது.

"ஓட்டமா எண்ணினேனா? ஓட்டமாவா? போன வருஷம் பத்து எண்ணி முடிச்சேன். நீ மாட்டல. திருப்பி ஒண்ணுலேருந்து எண்ணினேன். அப்பவும் மாட்டல. மூணாவது தடவையும் எண்ணினேன். முப்பது! உன் கை கொக்கியிலயே இல்ல. கன்னத்தைத் தடவிக்கிட்டிருந்தே. கொக்கி தாடையில தொங்குது, நீ கன்னத்துல எதையோ மாட்டிக்கிட்டு நிக்கறே. மாட்டியாச்சுன்னு என்னைப் பார்த்துச் சிரிச்சே. குளிர்ல புத்தி கலங்கி, என்னை ஆர்ச்சின்னு கூப்பிட்டே."

ஆர்ச்சி அவளுடைய அண்ணன். செத்துப் பதினொரு வருடம் ஆகிறது.

இஷ்பெலுக்கு அது எதுவுமே ஞாபகம் இல்லை. அவன் படபடவென்று எண்ணியது மட்டும் அவ்வளவு தெளிவாக ஞாபகம் இருந்தது. எல்லாரிடமும் சொன்னாளே! தபால்காரனிடம், தாய்மார்களிடம், அவனை எதிரில் வைத்துக்கொண்டே!

"ஏன் சொல்லல?" என்றாள். "வருஷம் பூரா என்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டியே. ஏன்யா சொல்லல?"

"சொன்னா பயந்துடுவே. பயந்தா சைக்கிளை விட்டுடுவே. கோபமா இருந்தாத்தான் ஓட்டுவே. அதான், திட்டினா திட்டிட்டுப் போன்னு இருந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான், மழைதான் என்பதுபோல். "இன்னைக்கு உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எண்ணிக்கை ஓடல. விட்டுட்டேன். தப்புதான்."

மணி இரண்டு ஐம்பத்தாறு.

இஷ்பெல் சைக்கிளைப் போட்டாள். பல்லால் ஈரக் கையுறைகளைக் கழற்றித் துப்பினாள். வயிற்றிலிருந்து அந்தப் பையை உருவி எடுத்தாள். அதைப் பிரிக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. இடது கையைச் சட்டைக்குள் விட்டு வெறும் வயிற்றில் வைத்ததும் "ஐயோ!" என்று அலறினாள். உதவக் கூடாது என்பது விதி. டூகல் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். ஒன்று மற்றதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் குதித்தாள். தோளோடு கையைச் சுழற்றினாள். ரத்தம் விரலுக்கு வந்தபோது ஊசி ஊசியாகக் குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலி வந்ததே போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வெதுவெதுப்பான காய்ந்த கையுறைக்குள் கையை நுழைத்து ஒவ்வொரு விரலாக மடக்கினாள். சுண்டுவிரல் வரை மடங்கியது.

மணி மூன்று இரண்டு.

"இப்ப கடிகாரத்தைப் பார்த்து எண்ணு," என்றாள்.

டூகல் கைக்கடிகாரத்தைக் கண்ணுக்கருகில் கொண்டுபோனான். "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு." ஒரு எண்ணும் இழுபடவில்லை, ஒரு எண்ணும் ஓடவில்லை. "ஏழு."

கிளிக்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இஷ்பெல் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, பின் பிரேக்கை ஒரு தரம் அழுத்தினாள். இந்தத் தடவை தெரிந்தது.

"இங்க பாரு டூகல். நீ சொல்லியிருந்தா பயந்திருப்பேன். ராத்திரியெல்லாம் தூக்கம் வந்திருக்காது. ஆனா ஓட்டியிருப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இனிமே எதையும் மறைக்காதே. எனக்கு அதைத் தாங்கறதுக்கு உடம்பு இருக்கு."

"சரி," என்றான் டூகல்.

"சரின்னா சரி. ஜீப்புல ஏறிக் கீழே வா. இங்க நின்னு நின்னு நீயும் விறைச்சிருக்கே."

அவள் பாறை இறக்கத்தில் இறங்கினாள். அழுதுகொண்டேதான் இறங்கினாள், ஆனால் இரண்டு பிரேக்கிலும் விரல் இருந்தது. மூன்று இருபத்து நான்குக்குக் கோட்டைத் தாண்டினாள்.